வேண்டாம் என்று வாக்களித்தவருக்கு வட்டக்கச்சியிலிருந்து ஒரு கடிதம்

வட்டக்கச்சிக்கு எப்படிப் போவது என்று போன பதிவின் கீழே இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த வழி 1982 ஜனவரியில் போன வழி. பஸ் நேரமும் கட்டணமும் இன்று உதவாது. ஆனாலும் போன காரணத்துக்காக அந்தப் பயணத்தை எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

அப்போது நான் அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் ஒரு சின்ன மாநிலத்தில் விவசாயம் படித்துக்கொண்டிருந்தேன். பின்னேரங்களில் அந்த மாநிலச் சட்டசபையில் வேலை. உறுப்பினர்களின் மேசைகளில் அன்றன்றைய காகிதங்களை அடுக்கி வைக்க வேண்டும், அவ்வளவுதான். சட்டசபை என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள். வருடத்தில் சில மாதங்கள்தான் கூடும். மற்ற நாட்களில் அந்த உறுப்பினர்கள் மீன் பிடிப்பார்கள், பள்ளியில் படிப்பிப்பார்கள். ஒருவர் முடிதிருத்துபவர்.

1981 வசந்தகாலக் கூட்டத்தில் ஆசிரியையான ஓர் உறுப்பினர் எழுந்து ஒரு கடிதம் வாசித்தார். எழுதியவர் ராசம்மா, வட்டக்கச்சி, இலங்கை. யாழ்ப்பாணத்துக்காரனான நான் காகிதம் அடுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன். ராசம்மா மலையகத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். 1977 கலவரத்தில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயம் எரிந்து, கணவனோடும் இரண்டு பெண் பிள்ளைகளோடும் லொறியில் வன்னிக்கு வந்தவர். தான் எந்த நாட்டுக்காரி என்று எந்த நாட்டிலும் ஒரு காகிதம் இல்லை என்று சொல்லியிருந்தார். கிளிநொச்சியில் ஓர் ஆசிரியை அதை எழுதி, கைமாறிக் கைமாறி அங்கே வந்து சேர்ந்திருந்தது. ராசம்மா போன்றவர்களுக்குக் குடியுரிமை கிடைக்க வேண்டும் என்று சபை தீர்மானம் போட்டது. ஒரேயொருவர் மட்டும் எதிர்த்தார். வயதான ஆப்பிள் தோட்டக்காரர். இந்த அம்மாவுக்குக் காகிதம் கொடுக்க இந்தச் சபையால் முடியாது, முடியும் என்று அவர் நம்பிவிட்டால் அது நாம் செய்த பாவம் என்றார். நான் அதன் பிறகு பல நாட்கள் அவருடைய மேசையில் காகிதங்களை முகம் பாராமல் வைத்துவிட்டு வந்தேன்.

விடுமுறைக்கு ஊர் போகிறேன் என்றதும், தீர்மானம் போட்ட நாளின் அவைக்குறிப்பின் பிரதி ஒன்றை, ராசம்மாவிடம் சேர்க்கச் சொல்லி, ஆசிரியை உறுப்பினர் என்னிடம் தந்துவிட்டார்.

யாழ்ப்பாணத்தில் காலை 6.20க்கு பஸ். கிளிநொச்சிக்கு நாற்பது மைலுக்குச் சற்றுக் கூட. ஒன்பது ரூபாய் ஐம்பது சதம். பளையில் தேநீருக்குப் பத்து நிமிடம் நின்றது. ஆனையிறவில் காற்று அடித்த அடியில் அவைக்குறிப்பு இருந்த உறையை மடிக்குள் வைத்துக்கொண்டேன். 8.50க்குக் கிளிநொச்சி. அங்கிருந்து வட்டக்கச்சிக்கு ஐந்தாறு மைல். பஸ் பதினொன்றுக்குத்தான் என்றார்கள். உரமூட்டை ஏற்றிக்கொண்டு நின்ற ஒரு டிராக்டர்காரரிடம் கேட்டேன். குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த சின்னராசா அவர்.

"ராசம்மா வீட்டையோ? அமெரிக்காவில இருந்து காகிதம் வருமெண்டு இருக்கினம். ஏறுங்கோ, நான் அந்தப் பக்கம்தான் போறன்," என்றார்.

மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்து, என்ன காகிதம் என்று கேட்டேன். வழி நெடுக அவர் சொல்லிக்கொண்டே வந்தார். சபை போட்ட தீர்மானத்தின் செய்தி, கடிதம் எழுதிய ஆசிரியை வழியாக முன்னமே வந்துவிட்டதாம். ராசம்மாவின் கணவர் மாரிமுத்து வீட்டடியில் கிணறு வெட்டத் தொடங்கிப் பன்னிரண்டு அடியில் நிறுத்திவிட்டாராம். அமெரிக்கா சட்டம் போட்டுவிட்டது, இனிக் காகிதமும் வாய்க்கால் ஓரத்தில் காணியும் கிடைக்கும், இந்தக் காட்டு நிலத்தில் ஏன் முதுகை முறிக்க வேண்டும் என்று. எட்டு மாதமாக ராசம்மாவும் பிள்ளைகளும் அரை மைல் நடந்து தண்ணீர் சுமக்கிறார்களாம்.

வீட்டில் என்னைக் கதிரையில் இருத்திவிட்டு நான்கு பேரும் நிலத்தில் உட்கார்ந்தார்கள். அவைக்குறிப்பை விரித்து ராசம்மாவின் பெயர் இருந்த இடத்தைக் காட்டினேன். அவர் விரலை அதன்மேல் வைத்து மெல்ல நகர்த்தினார். நாற்பது வயதிருக்கும். மூத்த மகள், அம்மா பெயரை இங்கிலீசில் முதல்முறை பார்க்கிறேன் என்றாள். அந்தச் சபையில் யார் யார் இருந்தார்கள் என்று ராசம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். மீன் பிடிப்பவரைச் சொன்னேன், முடிதிருத்துபவரைச் சொன்னேன். ஆப்பிள்காரரைச் சொல்லவில்லை.

"எல்லாருமே சரின்னாங்களா தம்பி?" என்று கேட்டார்.

ஓம், எல்லாரும்தான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மாரிமுத்துவின் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆனால் வாசலுக்கு வெளியே அந்தப் பாதிக் குழி தெரிந்தது. இல்லை என்றேன். ஒருவர் எதிர்த்ததையும், அவர் சொன்ன காரணத்தையும், அந்தத் தீர்மானத்தால் இங்கே ஒரு காகிதமும் வராது என்பதையும் சொன்னேன்.

மாரிமுத்து எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். சின்ன மகள் பின்னால் ஓடினாள். ராசம்மா காகிதத்தை மடித்தார், திரும்ப விரித்தார். தப்புச் செய்துவிட்டேனோ என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது அவர் நிமிர்ந்தார்.

"தோட்டத்துல, ஆபீசுல, இங்கன, எல்லா எடத்துலயும் பாப்போம், செய்வோம்னாங்க. முடியாதுன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னவரு இவரு ஒருத்தருதான். அவருக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: "ஐயா, நீங்க சொன்னது நெசந்தான். நாங்க நம்பிட்டோம், இனி நம்ப மாட்டோம். எங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லிக் கெணத்தை வெட்ட வைக்கிறேன். எம்பேரைக் கேட்டு எழுந்திரிச்சுப் பேசினதுக்கு ஒங்களுக்கும் மத்தவங்களுக்கும் கும்புடு. ஒங்க மரத்துக்குத் தண்ணி எங்கேருந்து வருது?"

மத்தியானம் சோறும் பருப்பும் தந்தார்கள். மாரிமுத்து என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டார். கை கழுவிய பிறகு அலவாங்கை, அந்தக் கனத்த கடப்பாரையை, எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார். நான் சட்டையைக் கழற்றிவிட்டு மேலே நின்று மண் கூடையை இழுத்தேன். இரண்டு மணி நேரத்தில் என் உள்ளங்கை கொப்பளித்தது. நான் புறப்பட்டபோது கீழேயிருந்து, "பாத்துப் போங்க தம்பி," என்றார். நான்கரை மணி பஸ்ஸில் கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்தேன்.

அடுத்த மாதம் ஆப்பிள்காரரின் மேசைக்கு நானே போய்க் கடிதத்தைக் கொடுத்து, மொழிபெயர்த்து வாசித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அவரோடு கிட்டத்தட்ட ஒரு வருடம் கோபமாக இருந்ததைச் சொன்னேன். அது தனக்குத் தெரியும் என்றார். பிறகு ராசம்மாவுக்கும் அவருக்கும் நடுவே கடிதங்கள் போய்வந்தன. இரு பக்கமும் மொழிபெயர்த்தது நான்தான். பெரும்பாலும் தண்ணீர், பூச்சி, பிள்ளைகளின் படிப்பு. கிணறு இருபத்துமூன்று அடியில் ஊறியது என்ற கடிதத்தை அவர் சபையில் எழுந்து வாசித்தார். குறிப்பெடுப்பவர் எந்தத் தீர்மானத்தின் கீழ் எழுதுவது என்று கேட்டபோது, எதன் கீழும் வேண்டாம், நல்ல செய்தி என்று மட்டும் எழுது என்றார்.

போகிறவர்களுக்கு: ஜனவரியில் போங்கள், வயல் பச்சையாக இருக்கும், வெயில் தாங்கலாம். தொப்பியும் மாற்றுச் சட்டையும் கட்டாயம். கிளிநொச்சியிலிருந்து உள்ளே போகும் வாகன நேரத்தை இறங்கியவுடனேயே விசாரித்துவிடுங்கள். யாருக்காவது செய்தி கொண்டுபோகிறீர்கள் என்றால் பாதியை மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். மீதியையும் சொல்ல நேரம் வைத்துக்கொண்டு போங்கள். எனக்கு ஒரு முழு நாள் தேவைப்பட்டது.