மவுஸை வைத்தால் தெரியும்

கம்ப்யூட்டரில் ஒரு வரைபடத்தைக் காட்டி, "மவுஸை வைத்தால் தெரியும்" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். யார் வைக்கப்போகிறார்கள்? எத்தனை பேருக்கு அந்தப் பொறுமை இருக்கிறது?

சுனாமிக்கு அடுத்த வருஷம், செங்கல்பட்டு ரயிலடிக்குப் பக்கத்தில் ஓர் உரக்கடை மாடியில் இருந்த தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. திருவிடந்தையிலிருந்து மாமல்லபுரம் வரைக்கும் கிணற்றுத் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று மாதாமாதம் பார்த்து, அதை இணையத்தில் வரைபடமாகப் போட வேண்டும். எந்த ஊருக்குத் தண்ணீர் லாரி தொடரலாம், எதற்கு நிறுத்தலாம் என்று அதிகாரிகள் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். எங்கள் வீட்டில் கழனி வேலைக்குப் போகாமல் நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான். அப்பாவுக்கு இருந்த பெருமை சொல்லி மாளாது.

அந்தக் கிணறுகளில் ஒன்று என் அக்காவுடையது. அக்கா புருஷன் ஒரு கடற்கரை விடுதியில் தோட்ட வேலை செய்தார். வீடு சவுக்குத் தோப்புக்குப் பின்னால். கடல் உள்ளே வந்துபோனதிலிருந்து அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, வாயில் வைத்தால் குமட்டும். கைக்குழந்தைக்காரி அவள். லாரியை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

முதலில் நான் ஒவ்வொரு கிணற்றுக்கும், உப்பு கூடக்கூட மேலே ஏறுகிற மாதிரி ஒரு புள்ளி வைத்து, பக்கத்திலேயே ஊரும் அளவும் எழுதியிருந்தேன். மேலாளர் முகத்தைச் சுளித்தார். சந்தைக்கடை மாதிரி கசகசவென்று இருக்கிறதாம். எழுத்தையெல்லாம் எடுத்துவிட்டு எல்லாக் கிணறுகளுக்கும் சேர்த்துச் சராசரியாக ஒரு கோடு போடு, புள்ளி மேல் மவுஸ் வந்தால் மட்டும் விவரம் விரியட்டும் என்றார். வெளிநாட்டில் எல்லாம் அப்படித்தானாம். அவர் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது.

அது லேசுப்பட்ட வேலையில்லை. மவுஸ் எங்கே நிற்கிறது என்று ஒரு பிரவுசர் ஒரு கணக்குச் சொல்லும், இன்னொன்று வேறு கணக்குச் சொல்லும். பக்கத்தைக் கொஞ்சம் கீழே தள்ளினால் போச்சு. திருவிடந்தைக் கிணற்றைத் தொட்டால் நாலு ஊர் தள்ளி இருக்கிற கிணற்றின் அளவு வந்து நிற்கும். புள்ளியோ கடுகளவு. அதன் மேல் சரியாக நிறுத்த யாருக்குக் கை வரும்? பக்கத்தில் வந்தாலே போதும், இருப்பதிலேயே கிட்டத்தில் உள்ள புள்ளி விழித்துக்கொள்ளட்டும் என்று மாற்றி எழுதினேன். வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டேன். அது சரியாக நடந்த அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒருநாள் பெரியாஸ்பத்திரிக்கு வந்த அக்கா, குழந்தையோடு மாடி ஏறி ஆபீசுக்கும் வந்தாள். தன் கிணற்றைக் காட்டச் சொன்னாள். அதோ மேல் மூலையில் தனியாக இருக்கிறதே, அதுதான் என்றேன். அவள் விரலைத் திரையில் வைத்து அழுத்தினாள்.

"இன்னாடி, ஒண்ணும் வரல?"

விரல் வைத்தால் வராது என்று மவுஸை அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை மேஜையிலிருந்து தூக்கிவிட்டாள். சிரித்துக்கொண்டே அவள் கைமேல் என் கையை வைத்து மெல்ல நகர்த்தினேன். குடிக்கத் தக்க உப்பின் எல்லையாக நான் போட்டிருந்த சிவப்புக் கோட்டுக்கு எவ்வளவோ மேலே நின்ற அந்தப் புள்ளிக்கு வந்ததும் மஞ்சளாக ஒரு பெட்டி விரிந்தது. அவள் ஊர், அவள் கிணறு, உப்பின் அளவு, குடிக்க லாயக்கில்லை என்ற வரி. அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இத்த அந்த ஆபீசருங்க பாப்பாங்களா?"

"மவுஸ வெச்சா தெரியும்க்கா," என்றேன்.

தண்ணீர் லாரியைப் பற்றி முடிவு செய்யும் கூட்டத்துக்கு இரவல் லேப்டாப் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். நம் ஊர் ஆபீஸ் வழக்கம் எனக்கு அப்போது தெரியாது. ஃபைலில் இருப்பதுதான் கணக்கு. திரையில் இருப்பது வெறும் பேச்சு, காற்றோடு போய்விடும். மேலாளர் முதல் நாளே அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து, ஜெராக்ஸ் போட்டு, ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தார். கறுப்பு வெள்ளை. சிவப்புக் கோடும் மற்றதும் ஒரே சாம்பல். கடலைவிட்டுத் தள்ளியிருந்த கிணறுகளெல்லாம் இரண்டு மழையிலேயே தேறிவிட்டதால், சராசரிக் கோடு நிம்மதியாகக் கீழே படுத்திருந்தது.

கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி நல்ல மனுஷர். அதுதான் கொடுமை. தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து அக்கறையாகத்தான் பார்த்தார். பிறகு மேல் மூலையில் இருந்த புள்ளியைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். ஜெராக்ஸ் கண்ணாடியில் அழுக்கு இருக்கிறது, துடைக்கச் சொல்லுங்கள் என்றார்.

எழுந்து நின்று, அது அழுக்கு இல்லை சார், கிணறு, அது மேல் மவுஸை வைத்தால் தெரியும் என்று லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன்.

"பேப்பர் மேல எப்படிம்மா மவுஸ வெக்கறது?" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள், என் மேலாளர் உட்பட. அடுத்த கூட்டத்துக்கு எழுத்தில் கொண்டு வா என்று சொல்லிவிட்டு, லாரியை நிறுத்தலாம் என்ற தாளில் அதிகாரி கையெழுத்துப் போட்டார். அடுத்த கூட்டத்துக்கு முன்பே எங்கள் திட்டம் முடிந்து, அந்தப் பக்கத்தையும் இணையத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். லாரி அந்த மாதக் கடைசியிலேயே நின்றுபோனது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து அக்கா வீட்டுக்குப் போனேன். ரோட்டோரம் பிளாஸ்டிக் குடங்கள் அப்படியே வரிசையில் இருந்தன. எனக்குக் கொடுக்கத் தண்ணீர் இல்லாமல் அக்கா கடைக்குப் போய்க் கலர் சோடா வாங்கி வந்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. பாவி மகள், திட்டவே இல்லை.

"அவங்க ஒருத்தர்கூடக் கைய வெச்சிப் பாக்கலியாடி?"

"வெச்சாருக்கா," என்றேன். "நகத்த வெச்சி சொரண்டினாரு. அழுக்குன்னு நென்ச்சிகினாரு."

அக்கா குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். கிணற்றில் வாளி விழுகிற சத்தம் கேட்டது. உலை வைக்க நேரமாகியிருந்தது.