ஜீப் அட்வான்ஸும் ஒரு சான்றிதழும்

குமுளியில் ஏலக்காயும் மிளகும் விற்கிற கடையொன்றில் நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். சம்பளம் ஒழுங்காக வரும், முதலாளியும் நல்லவர். ஆனால் கடைக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் பாதிப் பேர் என்னிடம் ஏலக்காயைப் பற்றிக் கேட்கமாட்டார்கள். "இங்க யானையை எங்கே பார்க்கலாம்?" என்பார்கள். காட்டோரத்து எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள், எனக்குத் தெரியாதா என்ற தைரியத்தில் ஒரு நாள் சுற்றுலா முகாம் ஒன்றுக்குப் போய் கைடு வேலை கேட்டேன். "வனவிலங்குப் பாதுகாப்பு சர்ட்டிபிகேட் இருக்கா?" என்றார்கள். இல்லை என்றேன். என்னை நிற்கவைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். வந்ததே எனக்குக் கோபம்! பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது, அந்தச் சான்றிதழை வாங்கியே தீருவது என்று முடிவு செய்திருந்தேன்.

முடிவு செய்ய யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. படிப்புக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. சனி ஞாயிறு வகுப்பு, காட்டுப் பயிற்சி, கடைசியில் காட்டுக்குள்ளேயே ஒரு தேர்வு. எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர்கள் கேட்டது, நாங்கள் ஜீப் அட்வான்ஸுக்கென்று சீட்டுக் கட்டிச் சேர்த்ததில் சரிபாதி. என் வீட்டுக்காரர் கம்பத்திலிருந்து காலையில் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிவந்து சாயங்காலம் இறக்கிவிடுகிற ஜீப் டிரைவர். ஜீப் அவருடையது அல்ல. பழசானாலும் பரவாயில்லை, சொந்தமாக ஒன்று வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை.

காசில் கை வைக்கும் முன் விசாரித்துவிடுவோம் என்று, அதே படிப்பைப் படித்துவிட்டு ஒரு ஹோம்ஸ்டேயில் வேலை பார்க்கும் சேச்சியைத் தேடிப் போனேன். அவர் மலையாளம் கலந்த தமிழில் ஒளிக்காமல் சொன்னார்: "மோளே, அந்தப் பேப்பரைப் பார்த்திட்டு யாரும் கூப்பிட்டு வேலை தரல்லை. பட்சே அது இல்லாத்தவங்களை உள்ளேயே விடல்லை." இதை வைத்துக்கொண்டு நான் என்ன கணக்குப் போடுவது? லாபம் என்றும் சொல்ல முடியாது, நஷ்டம் என்றும் சொல்ல முடியாது.

அன்று ராத்திரி சோறு போட்டுக்கொண்டே விஷயத்தை அவிழ்த்தேன்.

"வேலை கெடைக்குமா, அதச் சொல்லு," என்றார் அவர்.

"உறுதி இல்லங்க."

"பெறகு?"

"கெடைக்காதுன்னும் உறுதி இல்லேல்ல?"

அவர் தட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "ஒங்கிட்ட வாயக் குடுத்து யாரு செயிக்க முடியும்? கட்டு. ஆனா பாதியில விட்டுட்டு வந்து நின்னேன்னா, தொலச்சிப்புடுவேன்." அவர் முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டும் மறுநாளே போய்க் கட்டினேன்.

இன்னமும் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய்க்கொண்டிருக்கும் அம்மாவுக்கு இது தெரிந்ததும் வீடே அதிர்ந்தது. "ஏசப்பா! காட்டப் பாக்கக் காசா? எங்கூடத் தோட்டத்துக்கு வாடி, சும்மாவே காட்டுதேன்!"

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெயில் விழும் பாதையிலிருந்து மரநிழலுக்குள், ஏலச்செடிகளுக்குள் இறங்கும் இடத்தில் எல்லாரும் நின்று, "ஓஓ... ஹோய்!" என்று அடிவயிற்றிலிருந்து குரல் எழுப்பி, தூக்குச்சட்டியை டங்டங்கென்று தட்டுவார்கள். இதற்குச் சத்தம் குடுக்கிறது என்று பெயர். உள்ளே காட்டுமாடு படுத்திருந்தால் எழுந்து ஓடிவிடும். பள்ளிக்கூட லீவில் அம்மாவோடு போன காலத்திலேயே எனக்கு இது பழகிவிட்டது. சத்தம் கொடுக்காமல் நிழலுக்குள் கால் வைத்தால் முதுகில் அடி விழும். காட்டுமாட்டை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பார்த்தது என்றால், புதரை முறித்துக்கொண்டு ஓடும் கறுத்த முதுகைத்தான்.

வகுப்புகள் நன்றாகவே போயின. கூடப் படித்தவர்கள் பெரும்பாலும் என்னைவிடச் சின்ன வயசுக்காரர்கள். லத்தீன் பெயர்களை அவர்கள் ஒரு நாளில் மனப்பாடம் செய்தார்கள், நான் பில் போடும் இடைவெளியில் முணுமுணுத்து முணுமுணுத்து ஏற்றினேன். முதலாளி, கடையில் யாரோ ஜெபம் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

காட்டுத் தேர்வு இதுதான்: ஒவ்வொருவரும் கொஞ்ச தூரம் முன்னால் நடந்து, கண்ணில் படும் விலங்கையும் பறவையையும் தடத்தையும் குறிக்க வேண்டும். பின்னால் ஆசிரியர் வருவார், அவருக்குப் பின்னால் மற்றவர்கள். என் முறை வந்தது. புல்வெளியைத் தாண்டி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். பாதை சட்டென்று இறங்கி இருண்ட மரநிழலுக்குள் நுழைந்தது. அவ்வளவுதான்.

"ஓஓ... ஹோய்!"

தூக்குச்சட்டிதான் கையில் இல்லை, இருந்திருந்தால் அதையும் தட்டியிருப்பேன். மரத்திலிருந்த பறவையெல்லாம் எழும்பிப் பறந்தது. கருமந்தி ஒன்று கத்திக்கொண்டு கிளை தாவியது. கீழே ஏதோ பெரிய உடம்பு புதரை முறித்துக்கொண்டு ஓடியது. பின்னால் ஒரே சிரிப்பு. ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. "சேச்சி, இது எஸ்டேட் அல்ல," என்றார். "இனி இங்கே குறிக்க என்ன பாக்கி?"

ஒன்றும் பாக்கியில்லை. நான் தேறவில்லை. அடுத்த மாதம் மறுபடி எழுதலாம், அதற்கு ஒரு தொகை தனியாகக் கட்ட வேண்டும் என்றார்கள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். படிக்காமல் தோற்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சொந்தத் தொண்டை என்னைக் கவிழ்த்துவிட்டதே என்று அவமானம் பிடுங்கித் தின்றது.

வீட்டுக்காரர் முழுசாகக் கேட்டார். "கம்பத்துக்கே கேட்டிருக்குமே," என்றார். நான் முறைத்தேன். பிறகு மெதுவாக, "விட்ருவமா?" என்று கேட்டார்.

"விடுறதா? ஒங்க ஜீப்புல பாதிய முழுங்கியிருக்கேன். செரிக்காம விடமாட்டேன்," என்றேன்.

அந்த மாதம் கடைக்கு லீவு கிடைத்த நாளிலெல்லாம் அம்மாவோடு தோட்டத்துக்குப் போனேன். கூலிக்கு இல்லை, சத்தம் கொடுக்காமல் நிற்கப் பழகுவதற்கு. எல்லாரும் நிழலோரம் நின்று குரல் எழுப்புவார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். தொண்டை அரிக்கும், கை தானாகத் தூக்குச்சட்டியைத் தேடும். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? சத்தங் குடு!" என்று முதுகில் ஒன்று வைத்தாள். கொழுக்கட்டை இல்லை, பச்சை ஏலக்காய். நிழல் வரும் முன் ஒரு காயை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டால் குரல் அடங்கி நிற்பதைக் கண்டுபிடித்திருந்தேன்.

மறுதேர்வுக்கும் அதே பாதைதான். சரிவு வரும்போதே காயை வாயில் போட்டேன். நிழல் மூடியது. கடித்தேன். காரம் நாக்கில் ஏறியது. ஓர் அடி, இன்னோர் அடி. நெஞ்சு அடித்துக்கொள்கிற சத்தம் ஆசிரியருக்கே கேட்டிருக்கும்.

அது நின்றுகொண்டிருந்தது. காட்டுமாடு, கன்றோடு. ஓடவில்லை. வெள்ளைக் காலுறை மாட்டியது போன்ற கால்களை ஊன்றி, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. ஈர மூக்கு, நெற்றியில் சாம்பல் மயிர், ஒரு காதில் கிழிசல். பார்த்துவிட்டு, இவளால் ஆபத்தில்லை என்பதுபோலக் குனிந்து புல்லைக் கடித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. காட்டுமாடு, கன்று, காதில் கிழிசல் என்று ஒவ்வொன்றாகக் குறித்தேன். ஆசிரியர் என் தோளைத் தொட்டுவிட்டு, பின்வாங்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

சான்றிதழ் வந்தது. என்னை நிற்கவைத்த அதே முகாமுக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனேன். எடுத்துக்கொண்டார்கள். சம்பளம் கடையில் வாங்கியதைவிடக் கொஞ்சம் குறைவு, கூடிவரும் என்கிறார்கள். கூட்டிவாங்காமல் நானும் விடப்போவதில்லை. வீட்டுக்காரர் இன்னும் அடுத்தவர் ஜீப்பைத்தான் ஓட்டுகிறார். அவர் வண்டிச் சத்தம் வாசலில் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்கிறது. சீட்டை மறுபடி தொடங்கிவிட்டேன், இந்தத் தடவை என் சம்பளத்தில்.

போன ஞாயிறு கோயிலில் ஆராதனை முடிந்து அம்மா சாப்பிட வந்தாள். மீன் குழம்பைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"அம்புட்டுக் கிட்டயா நின்னுச்சு?"

"ஆமாம்மா."

"நீ சத்தங் குடுக்கல?"

"குடுக்கல."

"சத்தங் குடுக்காம நிக்கதுக்கா மருமவன் ஜீப்புக் காசக் கொண்டுபோயிக் கட்டுன?"

"ஆமாம்மா. அதுக்குத்தான் கட்டுனேன்."

திட்டு வரும் என்று தயாராக இருந்தேன். அம்மா சோற்றை அளைந்துகொண்டிருந்தாள். காய் எடுத்துக் காப்புக்காய்ச்சிப்போன விரல்கள். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அது மூஞ்சி எப்படிடி இருக்கும்? நான் முதுகத்தான பாத்திருக்கேன்."