கல்குவாரியில் படகுச் சவாரி

இன்று மாலை மகள் யாழினியோடு, திருச்சிக்கு வெளியே புதிதாகத் திறந்திருக்கும் பூங்காவுக்குப் போனேன். வருடக்கணக்கில் கைவிடப்பட்டுக் கிடந்த கல்குவாரி அது. இப்போது சுற்றிலும் புல்வெளி, ஊஞ்சல். பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் பெடல் படகு.

படகுக்கு வரிசையில் நின்றபோது, பக்கத்து பெஞ்சில் இருந்த ஓர் அம்மா எழுந்து வந்தார். யாழினியின் லைஃப் ஜாக்கெட்டை இழுத்துப் பார்த்தார்.

“லூசா இருக்கும்மா. இறுக்கிக் கட்டுங்க.”

நான் கட்டியது அவருக்குப் போதவில்லை. மண்டியிட்டு அவரே கட்டினார்.

“பேத்தியோட வந்தீங்களா?” என்று கேட்டேன்.

“தனியாத்தாம்மா வந்தேன். என் பொண்ணு இந்தத் தண்ணியிலதான் போயிட்டா. என்கூடத் துணி துவைக்க வந்தா. நான் திரும்பிப் பாக்குறதுக்குள்ள வழுக்கிட்டா. இதே உசரந்தான் இருப்பா.”

முடிச்சை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, “அதுக்கு முன்னாடியே வேலி போடச் சொல்லி ஊரே கேட்டுச்சு. ஆளு வராத எடத்துக்கு எதுக்கு வேலின்னு ஆபீசருங்க சொல்லிட்டாங்க” என்றார்.

“நீங்களும் படகுல வாங்களேன்” என்று உளறிவிட்டேன்.

“வேணாம்மா. நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கயே நிக்கிறேன்.”

படகு திரும்பும்வரை அவர் உட்காரவே இல்லை. யாழினி கரையில் கால் வைத்ததும், “வந்துட்டியா சாமி” என்று அவள் கன்னத்தைத் தொட்டார். அதற்குமேல் முடியாமல் முகத்தை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு அழுகை நிற்கவில்லை.

உங்கள் ஊர்ப் பக்கமும் ஒரு பழைய குவாரி இருக்கும். வேலி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். முதலில் வேலி வரட்டும்; படகு மெதுவாக வரட்டும்.