கதவோரக் கடைசி வரிசை

எங்கள் தெருவில் பெண்கள் கூடித் தொழும் தைக்காவில் கடைசி வரிசையில், கதவை ஒட்டி ஓர் இடம் உண்டு. தொழுகை நடுவே அங்கிருந்து நழுவினால் யாருக்கும் தெரியாது. அந்த இடத்துக்கு எனக்கும் பக்கத்து வீட்டு லாத்தாவுக்கும் எப்போதும் போட்டி. லாத்தா என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். எவ்வளவு சீக்கிரம் போனாலும் எனக்கு முன்னால் அங்கே நின்றிருப்பார். காற்று வாங்க நிற்கிறார் என்று நினைத்து எனக்கு எரிச்சலாக வரும்.

எனக்கு அந்த இடம் வேண்டியிருந்ததற்குக் காரணம் வேறு. மூன்றாவது பிரசவத்திலிருந்து இருமினால், தும்மினால், வாய்விட்டுச் சிரித்தால் சிறுநீர் கசியும். கசிந்தால் தொழுகைக்காகச் செய்த ஒளு முறிந்துவிடும். கை, கால், முகம் கழுவி மறுபடி முதலிலிருந்து தொழ வேண்டும். தீராத கசிவு உள்ளவர்களுக்கு மார்க்கத்தில் சலுகை உண்டு என்பது தெரியாமல் இல்லை. ஆனால் நான் வீம்புக்காரி, சலுகையில் நின்று தொழ மனசு ஒப்பவில்லை. தலைவலி, விருந்தாளி என்று சாக்குச் சொல்லிச் சொல்லி, கடைசியில் தைக்காவுக்குப் போவதையே விட்டுவிட்டேன். நோன்பு மாதம் வர இன்னும் நாலு மாதம் இருந்தது. இந்த நோன்பிலாவது சாயங்கால அஸர் தொழுகையை எல்லாரோடும் தோளோடு தோள் நின்று தொழுது முடிப்பேனா, இல்லை போன வருஷம் மாதிரி வீட்டு மூலைதானா? இதுதான் என் கவலையெல்லாம்.

கணவர் துபாயில். போனில் இதைச் சொல்ல வாய் வரவில்லை. மகளிடம் சொன்னேன். அவள்தான் தூத்துக்குடியில் ஒரு பெண் பிசியோதெரபிஸ்டிடம் அழைத்துப் போனாள். அந்தப் பெண் பரிசோதித்துவிட்டு, இடுப்புக்கு அடியில் தொட்டில் துணி மாதிரித் தசை இருக்கிறது, அது தளர்ந்துபோயிருக்கிறது என்றாள். கட்டைவிரல் அளவில் ஒரு கருவி கொடுத்தாள். அதை உள்ளே வைத்துக்கொண்டு தசையை இறுக்கினால் போனில் இருக்கும் ஆப்பில் ஒரு கோடு ஏறும், விட்டால் இறங்கும். பத்து முறை இறுக்கி விட வேண்டும். நாளைக்கு மூன்று வேளை.

முதல் நாள் அறையைத் தாழிட்டுப் படுத்து இறுக்கினேன். கோடு அசையவே இல்லை. பல்லைக் கடித்தேன், வயிற்றை எக்கினேன். ஆப்பில் ஒரு பெண்குரல், "மூச்சை அடக்காதீர்கள்" என்றது. எனக்கு வந்ததே கோபம்! அப்புறம், அவசரத்துக்குச் சிறுநீரை அடக்குவதுபோல நினைத்துப் பார்த்தேன். கோடு எழுந்தது. நாற்பத்தெட்டு வருஷம் என் கூடவே இருந்த ஒன்றை அன்றுதான் கண்ணால் பார்க்கிறேன். வெட்கம் போய் வேடிக்கை வந்துவிட்டது. சிரித்தால் கோடு என்ன செய்யும்? சிரித்துப் பார்த்தேன். இருமினால்? மூக்கில் திரி விட்டுத் தும்மினால்? மகளைக் கத்திக் கூப்பிட்டால்?

"உம்மா, உள்ள என்ன செய்யுதீங்க?" என்றாள் அவள், வெளியிலிருந்து.

"ஆராய்ச்சி!" என்றேன்.

பத்து முறை என்பதுதான் எனக்குப் போதவில்லை. தொழுத பிறகு இறைவனைத் துதிக்கும் தஸ்பீஹை முப்பத்து மூன்று முப்பத்து மூன்றாக எண்ணிப் பழகிய விரல் அதற்கு முன்னால் நிற்காது. பத்தில் நிறுத்தினால் பாதியில் எழுந்து போவதுபோல இருந்தது. ஆகவே வேளைக்கு முப்பத்து மூன்று. மீன் கழுவும்போதும், கருவி இல்லாமலே, இன்னொரு முப்பத்து மூன்று. மூன்று வாரத்தில் கசிவு கூடிவிட்டது. மாடிப்படி ஏறினாலே நனைந்தது. கருவியைத் தூக்கி அலமாரிக்குள் போட்டுவிட்டு அழுதேன்.

மகள் விடவில்லை, அந்தப் பெண்ணை வீடியோவில் கூப்பிட்டாள். என் கோடுகளெல்லாம் அவள் கம்ப்யூட்டரிலும் தெரியுமாம்.

"பத்துக்கு மேல கோடு விழுந்துக்கிட்டே போகுது பாருங்கக்கா. முப்பத்து மூணு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. விரல்தான் நிக்க மாட்டேங்குது."

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தசை களைச்சுப் போச்சுக்கா. நாலு நாள் சும்மா விடுங்க. அப்புறம் பத்தே பத்து. இருமல் வரப்போகுதுன்னு தெரிஞ்சா, முந்திக்கிட்டு ஒரு தடவ இறுக்குங்க."

வீம்பை விட்டுவிட்டுச் சொன்னபடி செய்தேன். கோடு மெல்ல மெல்ல உயர்ந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து இருமிப் பழகிய பெண் எங்கள் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முதல் நோன்பன்று அஸருக்குத் தைக்கா போனேன். கதவோரத்தில் வழக்கம்போல லாத்தா. நான் இரண்டாம் வரிசையில் போய் நின்றேன். நாலு சுற்றில் மூன்றாவது ரக்அத்தில் குனியும்போது தொண்டை கரகரத்தது. முந்திக்கொண்டு இறுக்கினேன். இருமல் வந்தது, ஒன்றுக்கு இரண்டாக. கசியவில்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தபோது அழுகை வந்துவிட்டது.

கையேந்திக் கேட்ட துஆ முடிந்து திரும்பிப் பார்த்தேன். கதவோர இடம் காலியாக இருந்தது.

காற்று வாங்க நிற்கிறார் என்று நினைத்தேனே, எனக்கு அறிவு எங்கே போயிருந்தது? பெண்கள் போகும் முடுக்கு வழியாக லாத்தா வீட்டுப் பின்வாசலுக்கு ஓடினேன். குழாயடியில் கையை மடித்துவிட்டுக்கொண்டு மறுபடி ஒளு செய்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மாறிவிட்டது.

"தலைவலி... அதான் பாதியில வந்துட்டேன்."

"எனக்கும் அதே தலைவலிதான் லாத்தா, எத்தனையோ வருஷமா," என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். "தூத்துக்குடிக்கு நான் கூட்டிட்டுப் போறேன். பத்து தடவ செய்யச் சொல்லுவா. முப்பத்து மூணு மட்டும் எண்ணிராதீங்க."