இருபத்தொரு பொதியும் ஒரு காப்பும்

புறக்கோட்டையில் அரியநாயகம் முதலாளியின் சுருட்டுக்கடையில் ஏரம்பர் பதினாலு வருடம் நின்றவர். சுருவிலில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கொழும்புக்கு வந்த மனிதர். காலையில் திருநீறு பூசாமல் கடைப்படி மிதிக்க மாட்டார். யாரோடும் உரத்துக் கதைக்க மாட்டார். "ஏலாது" என்ற சொல் அவர் வாயில் வரவே வராது. அந்தக் கடைசிக் குணம்தான் அவரைப் பிடித்த சனி.

ஐப்பசி மாதம் பிறந்தால் ஊரிலிருந்து அவருக்கு ஒரு தடித்த கடிதம் வரும். பிரித்தால் உள்ளே மஞ்சள் பூசிய நூற்காப்பு இருக்கும். அவருடைய மனைவி பார்வதிப்பிள்ளை இருபத்தொரு நாள் கேதாரகௌரி விரதம் பிடித்து, கடைசி நாள் அம்மன் கோயிலில் இரண்டு காப்பு வாங்குவாள். ஒன்றைத் தன் இடக்கையில் கட்டுவித்துக்கொண்டு, புருஷனுடையதைத் தபாலில் போடுவாள். அதை ஏரம்பருடைய வலக்கையில் கட்டிவிடுகிறவன் கடையில் கூட நின்ற குலசிங்கம். அவனுக்குச் சுருட்டுக் கட்டுகிற முடிச்சைத் தவிர வேறு முடிச்சுத் தெரியாது. புருஷனும் பெண்சாதியும் ஒன்றாயிருக்க வேண்டுமென்று பிடிக்கிற விரதத்தின் காப்பு, பதினொரு வருடமாய் இப்படித்தான் குலசிங்கத்தின் கையால் ஏறியது.

இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருடம் காப்பு வரவில்லை. விரதம் தொடங்கிய கையோடு கடிதம் மட்டும் வந்தது. "இந்த முறை காப்பைத் தபாலில் போடமாட்டேன். உங்கள் கை இங்கே வந்தால் கட்டுப்படும். வராவிட்டால் அம்மன் காலடியிலேயே கிடக்கட்டும்" என்று எழுதியிருந்தாள். ஏரம்பர் அதை மூன்று தரம் வாசித்தார். அவள் கோபித்து எழுதினதாய்த் தெரியவில்லை. அதுதான் அவருக்குப் பயமாயிருந்தது.

அன்றே முதலாளியிடம் போய்த் தலையைச் சொறிந்தார்.

"அமாவாசைச் சனிக்கிழமை ஒருநாள் லீவு வேணும், முதலாளி. திங்கள் விடிய கடை திறக்க வந்திடுவன்."

"ஊருக்கோ? ஒரு ராத்திரி தங்கிறதுக்கு இவ்வளவு தூரம் போறீரோ? இறங்கி முகம் கழுவ, திரும்பி ஏற நேரம் வந்திடுமே!"

"முகம் கழுவ வேணும் எண்டில்லை முதலாளி. கை நீட்டினால் காணும்."

முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சிரித்துக்கொண்டு லீவு கொடுத்தார்.

அதன்பிறகு ஏரம்பர் சுருட்டு சுற்றுகிற தாளொன்றை எடுத்து நீலப் பென்சிலால் பயணத்தை எழுதினார். வெள்ளி பின்னேரம் ஆறு மணிக்குக் கடையால் வெளிக்கிடுவது. இராத்திரி மெயில் ரயில். விடிய யாழ்ப்பாணம், அங்கிருந்து பஸ்ஸில் காரைநகர்த் துறை, வள்ளம் ஏறினால் ஊர்காவற்றுறை, பிறகு நடை. பன்னிரண்டு மணிக்கு வீடு. ஐந்து மணிக்குக் கோயிலில் காப்புக் கட்டுகிற பூசை. ஞாயிறு விடியப் பார்வதிப்பிள்ளையோடு இருந்து விரதம் விடுகிற பாறணை, மத்தியானம் வள்ளம், இரவு ரயில். பஞ்சாங்கத்தையும் புரட்டினார். வெள்ளிக்கிழமை சூலம் மேற்கே. வடக்கே போகிறவனுக்கு ஒரு தடையும் இல்லை. இதற்கு மேல் ஒரு பயணத்தை மனிதனால் சீர்செய்ய முடியாது என்று தாளை மடித்து மடியில் செருகினார்.

ஒரு விஷயத்தை மட்டும் தாளில் எழுதவில்லை, மனதில் எழுதியிருந்தார்: ஒருவருக்கும் சொல்லக்கூடாது. கொழும்பிலிருந்து ஒருவர் ஊருக்குப் போகிறார் என்று தெரிந்தால், கொழும்பிலுள்ள சுருவிலார் அத்தனை பேரும் ஆளுக்கொரு பொதியோடு வந்து நிற்பார்கள். போன முறை வீடுவீடாய்ப் பொதி கொடுத்து, வீடுவீடாய்த் தேத்தண்ணி குடித்து, பெண்சாதியின் முகத்தைப் பார்க்கவே பொழுதுபட்டுச் செக்கலாகிவிட்டது. இந்த முறை மௌனவிரதம்.

பயணத்துக்கு முதல்நாள் வியாழக்கிழமை வரை மௌனம் நின்றது. அன்று ரயில் நேரத்தை ஒருக்கால் உறுதிப்படுத்தலாமே என்று குலசிங்கத்தைக் கேட்டார்.

"ஆருக்கு அண்ணை ரயில் நேரம்?"

"ஒரு ஆளுக்கு."

"அந்த ஆள் நேற்றுச் சவரம் செய்து, வேட்டி தோய்ச்சுக் காயப்போட்ட ஆளோ?"

ஏரம்பருக்குப் பொய் சொல்ல வராது. அசடு வழிந்தது.

"தம்பி, ஒருதருக்கும் சொல்லிப்போடாதையும்."

"என்ரை வாயைத் திறப்பனோ? ஆனால் அண்ணை, ஊரிலை எங்கடை ஐயாவுக்கு நாரிப்பிடிப்பு, நிலத்திலை இருந்தெழும்ப ஏலாது. ஒரு மடக்குக் கதிரை வாங்கி வைச்சிருக்கிறன். மடிச்சால் ஒரு பலகை மாதிரித்தான்."

குலசிங்கம் சொன்னபடி ஒருவருக்கும் சொல்லவில்லை. கதிரையைத் தெருவால் தோளில் வைத்துக்கொண்டு வந்தான், அவ்வளவுதான். வெள்ளி பின்னேரம் கடை வாசலில் சுருவில் முழுக்க நின்றது. சவர்க்காரம், தேயிலை, கண்ணாடிச் சிமிலி, நோவெண்ணெய், பிஸ்கட் தகரம், குடை, இரண்டு றாத்தல் பேக்கரிப் பாண். பனங்கட்டி விளைகிற ஊருக்கு ஒருவர் கித்துள் கருப்பட்டி கொடுத்தனுப்பினார். ஒவ்வொருவரும் சொன்னது ஒன்றே: "பாரமே இல்லை அண்ணை!" ஏரம்பர் ஒவ்வொருவருக்கும் "ஓம், ஓம்" என்றார். கதிரையோடு இருபத்தொரு பொதி.

"அம்மாளாச்சியின் விரதத்திலை எல்லாம் இருபத்தொண்டுதானே. இதுவும் அவவின்ரை கணக்காக்கும்" என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

ரயிலில் மூன்றாம் வகுப்பில் கால் வைக்க இடமில்லை. ஏரம்பர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, நடைவழியில் கதிரையை விரித்து அதில் இருந்துவிட்டார். ரிக்கற் பார்க்க வந்தவர் அவரையும் கதிரையையும் மாறி மாறிப் பார்த்தார். இது எந்த வகுப்பு என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போல, ரிக்கற்றைக்கூடக் கேட்காமல் போய்விட்டார்.

விடிந்தபோது மழை. வழியில் வெள்ளம் குறைய ரயில் காத்து நின்றது. பொழுது போகட்டுமென்று பொதிகளை எண்ணிப் பார்த்தார். இருபத்தொன்று சரி. ஆனால் ஏதோ குறைந்தது. மறுபடி எண்ணினார். பிறகுதான் நினைவு வந்தது. பார்வதிப்பிள்ளைக்கு வாங்கிய சிவத்தக்கரைச் சீலை! கடைச் சுவரில், சட்டை கொழுவுகிற ஆணியில், தாளில் சுற்றினபடி தொங்கிக்கொண்டிருக்கும். ஊராருடைய பொதியெல்லாம் மடியிலும் காலடியிலும் இருக்க, தன் பெண்சாதிக்கு ஒரு நூல்கூட இல்லை.

"முருகா" என்றார். பக்கத்திலிருந்தவர், வெள்ளத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்துத் தானும் "முருகா" என்றார்.

காரைநகர்த் துறைக்கு வரப் பகல் ஒரு மணி. தாளின்படி அவர் வீட்டுக்கு வந்து ஒரு மணித்தியாலம் ஆகியிருக்க வேண்டும். வள்ளக்கார மனுவேல் வள்ளத்தின் முன்பக்கத்து அணியத்தில் இருந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

"மனுவேல், கெதியாய்ப் பாயை விரியும். ஐஞ்சு மணிக்குக் காப்பு."

"எட்டுப் பேர்தானே அண்ணை நிக்கிறியள். பன்னிரண்டு பேர் சேராமல் வெளிக்கிட ஏலாது. உங்கடை அம்மன் நாலு பேரை அனுப்பட்டும், நானும் எங்கடை மாதாவை மன்றாடுறன்."

"இந்தப் பொதியளைப் பாரும். இது நாலு ஆள் பாரம் வராதோ?"

மனுவேல் எழுந்து வந்து ஒரு பொதியைத் தூக்கிப் பார்த்தான். "நாலென்ன, ஆறு ஆள்! கதிரை வேறை கொண்டு வாறியள். அதிலை ஆர், துரை வாறாரோ?"

வள்ளத்திலிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் வள்ளம் வெளிக்கிட்டது. வாடைக்காற்று இன்னும் சரியாய் எழும்பவில்லை. பாய் ஒருமுறை வயிறு வைத்தது, ஒருமுறை சுருங்கியது. ஏரம்பர் கைலேஞ்சியைப் பிடித்துக் காற்றைப் பார்ப்பதும், தேவாரம் முணுமுணுப்பதுமாய் இருந்தார். ஊர்காவற்றுறையில் இறங்கும்போது மூன்றே கால்.

ஒற்றை மாட்டு வண்டிலொன்றில் பொதிகளை ஏற்றிப் பின்னால் நடந்தார். நடக்க நடக்கப் புதுக் கவலை பிடித்தது. இருபத்தொரு வீடு. பாண் காய்ந்துவிடும், நோவெண்ணெய்க்காரி காத்திருப்பாள். ஒவ்வொரு வீட்டிலும், "என்ரை பிள்ளை மெலிஞ்சு போனானோ?" என்பார்கள். இல்லையென்றாலும் அழுவார்கள், ஓமென்றாலும் அழுவார்கள். இதெல்லாம் முடிந்து கோயிலுக்குப் போனால் ஐயர் நடை சாத்தியிருப்பார். காப்பு அம்மன் காலடியில்தான். பொதிகளை வீட்டில் போட்டுவிட்டு ஓடலாமென்றால், "ஏரம்பர் தன்ரை அலுவலைப் பார்த்துப்போட்டுத்தான் எங்கடையைப் பார்த்தவர்" என்ற சொல் தலைமுறைக்கும் நிற்கும்.

சுருவிலுக்குள் வந்தார். முதல் வீட்டுப் படலையில் தட்டினார். சத்தமில்லை. இரண்டாம் வீட்டிலும் இல்லை. மூன்றாம் வீட்டில் ஒரு கோழிதான் எட்டிப் பார்த்தது. ஏரம்பர் தலையிலடித்துக்கொண்டார். காப்பு நாளில் எந்தப் பெண் வீட்டிலிருப்பாள்!

"வண்டிலைக் கோயிலுக்கு விடும்!" என்று கத்தினார். தன் வாழ்நாளில் அவர் கத்தினது அன்று மட்டும்தான்.

அம்மன் கோயில் வீதியில் பெண்கள் தோய்ந்து, ஈரக் கூந்தலோடு வரிசையாய் நின்றார்கள். நடுவில் வண்டில் வந்து நின்றது. ஐயர் எட்டிப் பார்த்து, "ஆரின்ரை உபயமப்பா இவ்வளவும்? பாணும் படைக்கிறியளோ?" என்று கேட்டார். கோயில் வாசல் சிரிப்பில் அதிர்ந்தது. ஏரம்பர் வேம்புக்குக் கீழே கதிரையை விரித்து, அதன்மேல் பொதிகளை வைத்து, பெயர் சொல்லிச் சொல்லிக் கொடுத்தார். எல்லா வீட்டாரும் ஒரே இடத்தில் நின்றதால் ஒரே கேள்விக்கு ஒரே பதில் போதுமாயிருந்தது: "எல்லாப் பிள்ளையளும் கொழுத்துப்போய்த்தான் இருக்கினம்!" கடைசியாய்க் கதிரையையும் குலசிங்கத்தின் தகப்பன் கனகசபையரிடம் ஒப்படைத்தார். அவர் உடனே அதில் இருந்து பார்த்தார்.

பிறகு கை கால் கழுவி, சட்டையைக் கழற்றிச் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். வரிசையின் நடுவில் நின்ற பார்வதிப்பிள்ளை திரும்பவேயில்லை. தட்டில் இரண்டு காப்பு இருந்தது. ஐயர் அவளுக்கு இடக்கையில் கட்டினார். பிறகு ஏரம்பர் வலக்கையை நீட்டினார். பதினொரு வருடத்துக்குப் பிறகு அது சுருட்டு முடிச்சில்லாத காப்பு.

வெளியே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஏரம்பண்ணை, பனங்கிழங்கு ஒடியல் கொஞ்சம் கட்டித்தாறன், மகனுக்கு." "எனக்கொரு போத்தல் நல்லெண்ணெய்." "இரவைக்கு உங்கடை வீட்டை வாறம்."

ஏரம்பர் வாயைத் திறந்தார். "ஓம்" வரப்போகிறது என்று அறிந்த பார்வதிப்பிள்ளை முந்திக்கொண்டாள்.

"எங்கடை வீடு விரதவீடு, பாறணை முடியும்வரைக்கும் ஆரும் வரக்கூடாது. என்ன குடுக்கிறதெண்டாலும் நாளைக்கு மத்தியானம் துறையடிக்குக் கொண்டு வாருங்கோ."

"எங்கடையும் விரதவீடுதானே அக்கா?" என்றாள் கூட்டத்தில் நின்ற சின்னக்குட்டி.

"அப்ப நீரும் வெளிக்கிடக்கூடாது. போய் இரும்."

அன்று படலை திறக்கவில்லை. முற்றத்தில் இருவரும் இருந்தபோது ஏரம்பர் சீலைக் கதையைச் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"ஊரிலை இருக்கிற எல்லாருக்கும் கொண்டு வந்தனான். உமக்குத்தான்…"

பார்வதிப்பிள்ளை முந்தானை நுனியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"சிவத்தக்கரை எண்டியளோ?"

"ஓம்."

"நல்லாய்ப் போச்சு. ஆணியிலையே தொங்கட்டும். தைப்பொங்கலுக்கு நான் உடுக்க வேணும். அதை ஆர் கொண்டு வருவினம்? இஞ்சாருங்கோ, தபாலிலை மட்டும் போட்டிடாதையுங்கோ. நான் வாங்கமாட்டன்."

விடியப் பாறணை. ஒரே பாயில் இரண்டு வாழையிலை. பதினாலு வருடத்தில் ஏரம்பர் அவசரமில்லாமல் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது.

மத்தியானம் துறையில் ஊர் நின்றது. ஒடியல், புழுக்கொடியல், பனங்கட்டி, எண்ணெய்ப் போத்தல். எல்லாருக்கும் பின்னால் கனகசபையர் வந்தார், கையில் கதிரை.

"இது என்னைக் கடிக்குது, ஏரம்பு. மடங்கி விரலைப் பிடிச்சிட்டுது. என்ரை மகனிட்டைத் திருப்பிக் குடுத்திடும். பாரமே இல்லை."

"ஓம்" என்றார் ஏரம்பர்.

வள்ளம் நகர்ந்தது. மனுவேல் ஆட்களை எண்ணவில்லை. ஏரம்பர் கதிரையை விரித்து இருந்து, மடியிலிருந்த சுருட்டுத் தாளை எடுத்துத் திருப்பி, பின்பக்கத்தில் நீலப் பென்சிலால் தைமாதப் பயணத்தை எழுதத் தொடங்கினார். ரயில், பஸ், வள்ளம் எல்லாவற்றுக்கும் மேலே முதல் வரியாக எழுதினார்: ஆணியில் இருக்கிற சீலையை எடுப்பது.