டெக்கில் ஏறாத நான்கு நிமிடம்

"லாத்தா, இது இன்னும் உசுரோடவா இருக்கு?" என்று பழைய வீடியோ டெக்கின் மேல் கிடந்த துணியை விலக்கியபடி கேட்டார் ஜெக்கரியா. கேட்ட பிறகுதான், அந்த வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்குப் பட்டது.

கமருன்னிஸா அதைக் கவனித்ததாகக் காட்டவில்லை. "கேசட்டு போட்டா ஓடுது தம்பி. நீங்க கேபிளுக்கு அந்தப் பெட்டியைக் கொடுத்ததுல இருந்து டிவியில வர்றது எதையும் புடிக்க மாட்டேங்குது."

ஜெக்கரியா ஒரு காலத்தில் திருத்துறைப்பூண்டியில் வீடியோ கடை வைத்திருந்தவர். இப்போது அந்த வட்டாரத்துக்குக் கேபிள் இணைப்பு கொடுக்கிறார். டெக்கைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்பக்கத்துத் தூசியை வாயால் ஊதினார்.

கமருன்னிஸாவை அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். எந்தப் பெண் மவுத்தானாலும், அடக்கத்துக்கு முன் உடலைக் குளிப்பாட்ட அவரைத்தான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடங்களில் எத்தனை பேர் என்று அவர் எண்ணி வைத்ததில்லை. தலையைத் தூக்கிப் பிடிக்கும்போது கழுத்து எப்படிக் கனக்கும் என்பது அவர் கைக்குத் தெரியும். "தொட்டுப் பார்த்தா நமக்கே தெரிஞ்சிடும், டாக்டர் சொல்லவே வேணாம்" என்பார்.

அவர் தொட்டுப் பார்க்காதது ஒருவனைத்தான். மகன் ஷஹ்பாஸ் இருபத்திரண்டு வயதில் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனான். பதினோராவது மாதம், ஒரு காலையில் டீ குடிக்க அறையிலிருந்து இறங்கியவன் திரும்பவில்லை. ஆள் ஓடிவிட்டார் என்று கம்பெனி எழுதி முடித்துக்கொண்டது. அவன் தகப்பன் ஹபீப் முகம்மது அங்கே போய் மூன்று மாதம் தேடிவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தார். ஐந்தாம் வருடம் அவர் இறந்துபோனார். ஷஹ்பாஸ் காணாமல் போய் இப்போது பதினான்கு வருடம் ஆகிறது.

இறந்தவருக்கு உடல் இல்லாமலே தொழுகிற காயிப் ஜனாஸா தொழுகையை அவனுக்கு வைத்துவிடலாம் என்று மகள் ஷமா வருடா வருடம் கேட்டுக்கொண்டிருந்தாள். கமருன்னிஸா சம்மதிக்கவில்லை. "உசுரோட இருக்கிறவனுக்கு எப்படிடி தொழுவுறது?" என்று அதோடு பேச்சை முடித்துவிடுவார்.

போன வியாழக்கிழமை, வளைகுடாவில் வேலை பார்க்கும் தமிழர்களைப் பற்றிய நிகழ்ச்சி ஒன்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. கமருன்னிஸா முறத்தோடு கூடத்தைக் கடந்தார். திரையில் தொழிலாளர்கள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒருவன் வலக்கையைத் தலைக்கு மேலாகச் சுற்றிக் கொண்டுவந்து இடது காதைப் பிடித்தான். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வயது பார்க்கும்போது வாத்தியார் பிள்ளைகளைச் செய்யச் சொல்வாரே, அதே மாதிரி. பள்ளியில் சேர்ந்த பிறகும் ஷஹ்பாஸ் அந்தப் பழக்கத்தை விடவில்லை. யோசனை வந்தால் காதைப் பிடித்துக்கொள்வான். முறம் கையிலேயே இருந்தது. அதற்குள் படம் மாறிவிட்டது.

அன்றிலிருந்து அவர் ஒரு ஆள் சோறு கூடுதலாக வடித்தார். ஷமா அதைப் பார்த்துவிட்டுப் பானையை மூடினாள். பிறகு கைபேசியில் நெடுநேரம் தேடினாள். நிகழ்ச்சியின் மற்ற வாரங்கள் கிடைத்தன, அந்த வாரம் மட்டும் கிடைக்கவில்லை. மறு ஒளிபரப்பு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு என்று போட்டிருந்தது.

"புடிச்சு வச்சு நிறுத்தி நிறுத்திப் பாப்பேன்," என்றார் கமருன்னிஸா. "அவன் இல்லேன்னா பள்ளிவாசல்ல பேர் கொடுத்துடு. நான் தடுக்க மாட்டேன்."

"சத்தியமாவா?"

"சத்தியமா."

அதற்காகத்தான் ஜெக்கரியா வந்திருந்தார். புது கேசட்டுக்குக் கும்பகோணம் வரை ஆள் விட்டுப் பார்த்தும் கிடைக்கவில்லை. தன் கடையில் மிச்சமிருந்த பழைய படக் கேசட் ஒன்றின் ஓரத்து ஓட்டையில் செல்லோடேப் ஒட்டி எடுத்து வந்திருந்தார். அப்படி ஒட்டினால்தான் அதில் மறுபடி பதிவு ஏறும். கேபிள் பெட்டியிலிருந்து மூன்று நிற ஒயரை டெக்குக்கும், டெக்கிலிருந்து டிவிக்கும் கொடுத்தார்.

"இங்க பாருங்க லாத்தா. பெட்டியில எந்தச் சேனல் ஓடுதோ அதுதான் கேசட்டுல ஏறும். சேனலை மாத்தாதீங்க. டிவியை வேணா நிறுத்திக்கலாம். பெட்டியை மட்டும் நிறுத்திடாதீங்க. டெக்கு பாட்டுக்கு ஓடும், ஆனா ஒண்ணும் ஏறாது."

"ரிமோட்டையே தொட மாட்டேன்."

"தொடாம இருந்தா நீங்க பொம்பளையே இல்ல. எங்க வீட்டுல சீரியலுக்கு நடுவுல சோறு கேட்டாக்கூட ரிமோட்டைத்தான் நீட்டுவாங்க."

பல நாளுக்குப் பிறகு கமருன்னிஸா சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு டெக்கில் சிவப்பு விளக்கு எரிந்தது. கமருன்னிஸா தனியாக உட்கார்ந்திருந்தார். ஷமாவை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார். முதலில் ஒரு ஹோட்டல்காரர் பேசினார். அப்புறம் லாரி ஓட்டுகிற ஒருவர். விளம்பரம் வந்து போனது. நாலரை மணிக்கு, தொழிலாளர்கள் தங்கியிருக்கும் நீளமான கட்டடம் திரையில் தெரிந்தது. கேமரா வாசலைத் தாண்டி உள்ளே நுழைந்தது.

அப்போது பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு ஒலித்தது.

அந்த வீட்டில் பாங்கு கேட்டால் டிவி ஓடாது. ஹபீப் முகம்மது சவுதியிலிருந்து முதல் டிவியைக் கொண்டுவந்த நாளிலிருந்து இருக்கும் வழக்கம் அது. கமருன்னிஸாவின் இடக்கை முக்காட்டைத் தலைக்கு இழுத்தது. வலக்கை ரிமோட்டை எடுத்து அழுத்தியது. பாங்கின் ஒவ்வொரு வரிக்கும் உதடு பதில் சொன்னது. முடிந்ததும் துஆ ஓதி, முகத்தைக் கையால் தடவிக்கொண்டார். கையை எடுத்ததும் கண்ணில் பட்டது டெக்கின் சிவப்பு விளக்குதான். அது எரிந்துகொண்டிருந்தது. பெட்டியில் வெளிச்சம் இல்லை.

மறுபடி போட்டபோது, சற்றுப் பொறுக்கவும் என்று பெட்டி எழுத்துக் காட்டியது. படம் வந்ததும் கடற்கரையில் யாரோ ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் ஜெக்கரியாவும் ஷமாவும் கேசட்டை ஓட்டிப் பார்த்தார்கள். கட்டடம் வந்தது, வாசல் வந்தது. அப்புறம் கறுப்பு. சத்தமும் இல்லை. ஜெக்கரியா முன்னும் பின்னும் ஓட்டினார். நான்கு நிமிடம் சொச்சம். சேனல்காரர்களுக்குப் போன் போட்டுக் கேட்டார். இனி அதைப் போட மாட்டார்களாம்.

"நான்தான் அத்தனை தடவை சொன்னேனே லாத்தா," என்றவர், செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

ஷமா அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பயந்துக்கிட்டு வேணும்னே நிறுத்திட்டீங்களாம்மா?"

கமருன்னிஸா தன் வலக்கையைத் திருப்பிப் பார்த்தார். "தெரியலடி. கை போச்சு. நான் போகச் சொல்லல."

"அது அவனா இருந்திருந்தா?"

"இருந்திருந்தா, அவன் உள்ள வர்ற நேரம் நான் கதவை மூடிட்டேன்."

அதற்குப் பிறகு அவர் கேசட்டைத் தனியே இரண்டு முறை ஓட்டினார். வாசல் வரை பார்ப்பார். கறுப்பு வந்ததும் திரைக்கு அருகில் போய் நிற்பார். ஷமா அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்; கமருன்னிஸாவின் உள்ளங்கை கண்ணாடி மேல் மெல்ல உரசிப் போனது. நெற்றியில், கன்னத்தில், கழுத்துக்குக் கீழே கொடுத்துத் தூக்குகிற மாதிரி. அந்த வரிசை ஷமாவுக்குத் தெரியும். மவுத்தானவர்களைக் குளிப்பாட்டும்போது அம்மாவின் கை அப்படித்தான் போகும்.

வியாழக்கிழமை கமருன்னிஸாவே சொன்னார்: "பேர் கொடுத்துடு."

பள்ளிவாசல் நிர்வாகி ஜாஃபர் சாதிக் நோட்டோடு வந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் தொழுகை என்றார். மகன் பெயர், தகப்பன் பெயர் எழுதினார்.

"மவுத்தான தேதின்னு ஒண்ணு போடணும் லாத்தா. வருஷா வருஷம் அந்த நாள்ல அவனுக்காக ஃபாத்திஹா ஓத வேணும்ல. பதினாலு வருஷத்துக்கு முன்னாடி, அவன் காணாமப் போன தேதியே போட்டுடட்டுமா?"

"இல்ல."

"வேற எதைப் போடறது?"

"போன ஞாயித்துக்கிழமை," என்றார் கமருன்னிஸா. "அஸர் பாங்கு நேரம்."

ஜாஃபர் சாதிக் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி ஷமாவைப் பார்த்தார்.

"எழுதிக்குங்க," என்றாள் ஷமா.