இரண்டு பட்டியல்களில் ஒரு பெயர்

எங்கள் தெருவில், இங்கேயே பிறந்து வளர்ந்த என் மனைவி கலாவைப் பார்த்தால் "டிபன் ஆச்சா?" என்று கேட்கிறார்கள். அதே வாசலில், அவளுக்குப் பின்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வரும் என்னைப் பார்த்தால் "ஊருக்கு எப்போ?" என்கிறார்கள். இஸ்திரி போடுகிறவர் கேட்கிறார், எதிர்வீட்டுக் கன்னடக்காரர் கேட்கிறார், மூன்று தலைமுறையாக இதே ஒக்கலிபுரத்தில் இருக்கும் தமிழர்களும் கேட்கிறார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. முதல் ஐந்து வருஷம் அது அன்பு மாதிரி இருந்தது. பத்தாவது வருஷம் எரிச்சல் வந்தது. இருபத்தைந்து வருஷம் ஆன பிறகு, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் "அடுத்த மாசம்" என்று சொல்லப் பழகிவிட்டேன். என் சொந்த ஊரான ஆம்பூரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அங்கே நான் வந்தால் நீங்களும் "எப்போ கெளம்பற?" என்றுதான் கேட்கிறீர்கள். இரண்டு ஊர்களும் என்னிடம் கேட்பது புறப்படும் தேதியை மட்டும்தான்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரத்னம்மா வந்தார். தெருமுனை அங்கன்வாடியில் டீச்சர். வாரம் முழுக்கக் குழந்தைகளுக்கு முட்டை அவித்துக் கொடுப்பது, ஞாயிறானால் வாக்காளர் பட்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குவது, இரண்டுமே அவர் தலையில்தான் விழுந்திருக்கின்றன. வியர்வையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கலா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, "நிம்ம ஹெசரு எரடு கடெ இதெ, சார்" என்றார். உங்கள் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது. அதே பெயர், அதே அப்பா பெயர், அதே பிறந்த தேதி. ஒன்று தமிழ்நாட்டில், ஒன்று இங்கே. கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிட்டதாம். ஒன்றை எடுத்தாக வேண்டும். எதை என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நான் அவர் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பயம் என்று நினைத்துக்கொண்டார். தமிழ்நாட்டுக்காரன், கவர்மென்ட் பேப்பர், கேள்வி கேட்கும் கன்னடப் பெண்மணி. வேறு எப்படி நினைப்பார்? எனக்காகத் தனக்குத் தெரிந்த தமிழையெல்லாம் சேர்த்துத் திரட்டி, "பயப்படாதீங்கோ சார், போலீஸ் எல்லாம் இல்லே, பேரு எடுப்பாங்கோ, அஷ்டே" என்றார், 'அவ்வளவுதான்' என்பதை மட்டும் கன்னடத்திலேயே விட்டுவிட்டு. நான் பயப்படவில்லை என்று சொல்ல நினைத்தேன். எனக்கு அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். அலுப்பைச் சொல்ல என்னிடம் இருக்கும் கன்னடம் போதாது. அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லி, படிவத்தை மேசையில் வைத்துவிட்டு மாடி வீட்டுக்கு ஏறினார்.

இங்கே என் பெயர் ஓட்டுக்காக வந்ததல்ல, கேஸுக்காக வந்தது. கல்யாணமான புதிதில் சிலிண்டர் கனெக்‌ஷன் கேட்டுப் போனபோது முகவரிக்கு அத்தாட்சி கேட்டார்கள். வாடகைப் பத்திரம் பென்சிலில் எழுதியது மாதிரி இருந்தது. அதைப் பார்த்து அந்த அலுவலர் சிரித்தேவிட்டார். வாக்காளர் அட்டை வாங்கிடுங்க மச்சான், அதுதான் சுலபம் என்றான் கலாவின் தம்பி. வாங்கினேன். பிழைக்க வந்தவர்களில் பாதிப் பேர் இந்த நகரத்தின் குடிமக்கள் ஆனது சிலிண்டருக்காகத்தான். அந்த அட்டை அதன் பிறகு பீரோவில் கல்யாணப் பட்டுப்புடவைக்கு அடியில் படுத்துக்கிடந்தது. ஒருநாளும் அதைக் காட்டி நான் இங்கே ஓட்டுப் போட்டதில்லை. ஊர்ப் பெயரை எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் செய்திருக்க மாட்டேன்.

ஏனென்றால் ஓட்டு என்றால் எனக்கு ரயில். அங்கே தேர்தல் நாள் வந்தால் விடியற்காலையில் இங்கே ரயில்நிலையத்தில் எங்கள் கூட்டம்தான் நிற்கும்: பீன்யா தொழிற்சாலைக்காரர்கள், பெயின்டர்கள், வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பிள்ளைகள். பங்காருப்பேட்டை தாண்டுவதற்குள் யார் ஜெயிப்பார் என்று முடிவு செய்துவிடுவார்கள். ஆம்பூரில் இறங்கி வீட்டுக்குப் போய், அம்மாவைக் கைபிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப்போவேன். அம்மா யாருக்குப் போட்டாள் என்று கடைசி வரைக்கும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. மாலை ரயிலில் திரும்பும்போது மேலே கம்பியைப் பிடித்திருக்கும் கைகள் எல்லாவற்றிலும் மை இருக்கும். அந்த மையைப் பார்த்துக்கொண்டே நின்றபடி குப்பம், மாலூர் எல்லாம் கடந்து வந்துவிடுவேன். நகம் வளர்ந்து அந்தக் கறுப்பு விளிம்புக்குப் போய்ச் சேர மூன்று நான்கு மாதம் ஆகும். அதுவரை நான் ஊரில் இருப்பதாக ஒரு நினைப்பு.

அம்மா போன வருஷம் இறந்துவிட்டாள். அண்ணன் எப்போதோ தன் ஓட்டைச் சென்னைக்கு மாற்றிக்கொண்டுவிட்டான். வீட்டில் இப்போது ஷூ மேல்பாகம் தைக்கும் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. அவர்கள் ஓட்டு வேறெங்கோ. அந்தக் கதவிலக்கத்துக்குக் கீழே பட்டியலில் இரண்டே பெயர்கள்: யாரும் எழுதிக் கொடுக்காததால் இன்னும் எடுக்கப்படாத அம்மா, அப்புறம் நான். நான் போய்விட்டால் அவள் அங்கே தனியாக இருப்பாள். இது அபத்தம் என்று எனக்கும் தெரியும். பட்டியல் ஒன்றும் வீடு இல்லை. ஆனாலும் படிவத்தைப் பார்த்தபோதெல்லாம் அதுதான் மனதில் வந்தது.

அந்த வாரம் முழுக்க பீன்யாவில் என் தொழிற்சாலைக் கேன்டீன் டிவி ஓடிக்கொண்டே இருந்தது. இந்த மாநிலத்தில் ஒரு பெரிய மனிதரின் சொந்தக்காரர்களுக்கு மனைகள் போய்ச் சேர்ந்த விவகாரம். அதே வாரம் அங்கே எங்கள் பக்கத்தில் மணல் விவகாரம். என்னோடு வேலை செய்யும் நாகராஜ் மண்டியாக்காரன், லேத் ஓட்டுகிறவன். சோற்றைப் பிசைந்தபடி, "நம்மோரு சைட்டு திந்தாரெ, நிம்மோரு மரளு திந்தாரெ" என்றான். எங்கள் ஆள் மனையைத் தின்கிறான், உங்கள் ஆள் மணலைத் தின்கிறான். மேசையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் எங்கள் ஆறு நினைவுக்கு வந்தது. பாலாறு இங்கிருந்து போகிற ஆறு. எங்கள் ஊரில் அது வெறும் மணல். அந்த மணலையும் லாரியில் ஏற்றி இந்த நகரத்துக்கே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். வைட்ஃபீல்டில் கண்ணாடி மாட்டி நிற்கும் கட்டடங்களில் எத்தனை எங்கள் ஆற்றில் நிற்கின்றனவோ. நான் ஓட்டுப் போட்டு ஜெயித்தவர்களும் உண்டு, தோற்றவர்களும் உண்டு. லாரிகள் இரண்டு ஆட்சியிலும் ஒரே நேரத்துக்குத்தான் புறப்பட்டன.

யுத்தமும் அப்படித்தான் எங்களைத் தொட்டுவிட்டுப் போனது. வடக்கே சண்டை மூண்ட அந்தச் சில நாட்கள் உங்களுக்கு நினைவிருக்கும். டிவியில் வரைபடங்களும் கத்தலும். எங்களுக்கு அது இரட்டை ஷிஃப்ட். பாகத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எண் இருக்கும் ட்ராயிங் ஒன்று வந்தது. என்ன என்று யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்தது. நான் தரச்சோதனைப் பிரிவு. மைக்ரோமீட்டரில் ஒவ்வொன்றாக அளந்து சரி என்று கையெழுத்துப் போட்டேன். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு அளவு பிழை இருந்தாலும் ஒதுக்கிவிடுவேன். இது எங்கே போய் யார் தலையில் விழும் என்பதற்கு ட்ராயிங்கில் அளவு இல்லை. பிறகு ஒருநாள் சண்டை நின்றுவிட்டது என்றார்கள். அந்தப் பாகத்தின் பெட்டிகள் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கின்றன. என் கையெழுத்து இவ்வளவு தூரம் போகிறது. நானோ ஒரு படிவத்தில் போடத் தயங்கி ஒரு வாரமாக உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை மாலை கலா மேசையைத் துடைத்தாள். படிவத்தைத் தூக்கி, துடைத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தாள். அவள் இந்த விஷயத்தில் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தது அதுவரை எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு இங்கே உள்ளதை எடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன், கேஸ்தான் வந்துவிட்டதே என்றேன். வேடிக்கையாகச் சொன்னதாக நினைத்தேன்.

"ஆமாமா, கேஸ் வந்துடுச்சு," என்றாள். "நானும் கேஸோட வந்தவதானே."

அப்படி இல்லை என்றேன். அவள் உட்காரவில்லை. மெதுவாகத்தான் பேசினாள், கலா கத்துகிற ஆள் இல்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் தான் தனியாக வரிசையில் நிற்பதையும், உங்க வீட்டுக்காரர் எங்கே என்று அத்தனை பேரும் கேட்பதையும், தண்ணி வரலை சாக்கடை அடைப்பு என்று வார்டு ஆபீசுக்குத் தான் மட்டும் நடந்ததையும் சொன்னாள். காவிரித் தகராறு நாளைச் சொன்னாள்.

அந்த நாளை நான் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகளை மறித்துக்கொண்டிருந்தார்கள். என் பைக் TN பைக். நாகராஜ் காலையில் அவன் சங்கத்தோடு போய்த் தண்ணீர் தர மாட்டோம் என்று கோஷம் போட்டுவிட்டு வந்தவன். மதியம் அவனேதான் என் நம்பர் பிளேட்டில் கிரீஸை அப்பி, பழைய டிரம்களுக்குப் பின்னால் வண்டியைத் தள்ளிவிட்டு, என்னைத் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டான். ஹெல்மெட்டைக் கழற்றாதே, வாயைத் திறக்காதே என்றான். வழியெல்லாம் யாரிடமோ பேசுகிற மாதிரி கன்னடத்தில் உரக்கப் பேசிக்கொண்டே வந்தான். கலா தெருமுனையில் இரண்டு மணி நேரமாக நின்றிருந்தாள். அவளை யாரும் எதுவும் செய்திருக்க மாட்டார்கள். கல்லெடுத்துக்கொண்டு நின்ற பிள்ளைகளில் நான்கு பேர் அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்களின் தம்பிகள். அவளைப் பார்த்ததும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்களாம். அவள் அவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள், என் வீட்டுக்காரர் வருவார், வழி விடுங்கள் என்று. வழி விட்டார்கள்.

"அன்னிக்கு எங்க வீட்டுக்காரர்னு சொன்னேன். இந்தத் தெரு ஆளுன்னு சொல்ல முடியல. நீங்கதான் அப்படி ஆகவே இல்லையே," என்றாள்.

 அம்மா அங்கே தனியாக என்று ஆரம்பித்தேன். அவள் அப்போதுதான் உட்கார்ந்தாள். கையை என் முழங்கால் மேல் வைத்தாள்.

"எங்க கொள்ளுத்தாத்தா பட்டாளத்துக்குச் சமைக்க இந்த ஊருக்கு வந்தாரு. வெள்ளக்காரன் சண்டைக்குக் கப்பலேறிப் போனாரு, ஒரு கால் இல்லாம வந்தாரு. அவரு பேரு எந்தக் கல்லுலயும் இல்ல, எந்த லிஸ்ட்டுலயும் இல்ல. என் தம்பி தேடாத எடம் இல்ல. உங்க பேரு ரெண்டு எடத்துல இருக்கு. ஒண்ணுலயாவது நெசமா இருங்க."

பிறகு எழுந்து போய் அரிசி களைய ஆரம்பித்தாள். நான் படிவத்தை எடுத்தேன். காரணம் என்ற இடத்தில், கன்னடத்துக்குக் கீழே ஆங்கிலத்திலும் எழுதிய கட்டங்கள் இருந்தன: இறப்பு, நிரந்தர இடப்பெயர்வு, இருமுறை பதிவு. நியாயமாக மூன்றாவது கட்டம்தான். ஆனால் நான் இரண்டாவதில் டிக் போட்டேன். நிரந்தரம் என்ற சொல்லை இந்த நகரத்தைப் பற்றி நான் ஒருநாளும் எழுதியதில்லை, வேலை நியமனக் கடிதத்தில்கூட அது வேறு யாரோ தட்டச்சு செய்ததுதான். ஆம்பூரில் உள்ள பெயரை எடுத்துவிடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். ரத்னம்மா கூடுதலாக வைத்துவிட்டுப் போயிருந்த இன்னொரு படிவத்தில் அம்மாவுக்கும் எழுதினேன், முதல் கட்டத்தில் டிக் போட்டு. அதைத்தான் ஒரு வருஷமாகச் செய்யாமல் தள்ளிப்போட்டிருந்தேன். ஒரே பேனா இரண்டு படிவத்துக்கும் போதுமானதாக இருந்தது. ரத்னம்மா மறுநாள் வந்து வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒள்ளேதாயித்து" என்றார். நல்லதாயிற்று. எதைச் சொன்னார் என்று கேட்கவில்லை. அம்மாவின் படிவம் அவர் கணக்கில் வராது, அதைத் தபாலில் அனுப்பினேன்.

புதிய பட்டியலை அங்கன்வாடிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கலா வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டு போனாள். போகும் வழியில் ஆம்பூரிலிருந்து சித்திக் போனில் ஒரு படம் அனுப்பியிருந்தான். என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், இன்னும் அதே தெருவில் செருப்புக் கடை வைத்திருக்கிறான். படத்தில் இருந்தது அங்கே நீக்கப்பட்டவர்கள் பட்டியல். எங்கள் கதவிலக்கத்துக்குக் கீழே அம்மா பெயர், எதிரே இறப்பு. அதற்கடுத்து என் பெயர், எதிரே நிரந்தர இடப்பெயர்வு. அடியில் அவன் "போய்ட்டியா மச்சான்" என்று மட்டும் எழுதியிருந்தான்.

சுவரில் பத்துப் பதினைந்து தாள்கள், எல்லாம் கன்னடம். இருபத்தைந்து வருஷத்தில் கன்னடத்தில் சண்டை போடவும் சமாதானம் பேசவும் கற்றுக்கொண்டேன், எழுத்துக் கூட்ட மட்டும் கற்றுக்கொள்ளவே இல்லை. பஸ் போர்டை எண்ணை வைத்துப் படிக்கிறவன் நான். என் பெயர் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கலா மூன்றாவது தாளில் விரலை வைத்து மெல்ல இறக்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"இதோ நீங்க. அதுக்குக் கீழ உங்கப்பா."

அப்பா செத்து முப்பது வருஷம் ஆகிறது. தோல் பதனிடும் தொட்டியை விட்டு வெளியே வராதவர், இந்த நகரத்தைப் பார்த்ததே இல்லை. அவர் இங்கே, எனக்குக் கீழே, வட்ட வட்டமான எழுத்துகளில், நான் படிக்க முடியாத ஒரு அப்பாவாக நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் போன் வெளிச்சமாக இருந்தது. அதில் என் பெயர் தெளிவாக, ஒவ்வொரு எழுத்தும் புரியும்படி நீக்கப்பட்டிருந்தது. கலா விரலை எடுத்துவிட்டால் இங்கே இருக்கும் பெயரைத் தொலைத்துவிடுவேனோ என்று, அவள் விரலுக்குப் பக்கத்தில் என் விரலையும் வைத்தேன்.